யார் செய்த குற்றம், யார் தலையில் தண்டம்?
(சேர். பொன்னம்பலம் இராமநாதன் வரலாறு)

நம் வன்னி நாட்டிலே வயல் விதைத்தவனுக்கும் மாடு வளர்த்தவனுக்கும் இடையே வழக்கு எழாத ஊர் இல்லை. கட்டாக்காலியாகத் திரிந்த மாடொன்று இரவோடிரவாக வேலியைப் பிரித்து உள்ளே புகுந்து, குடலைப் பருவத்து நெல்லைத் தின்றும் மிதித்தும் அழித்துவிடுகிறது. விடிந்ததும் வயற்காரன் வந்து பார்த்து வயிறெரிகிறான். பிறகு நடப்பது என்ன? மாட்டைப் பிடித்துக் கட்டுகிறார்கள். அதன் உடம்பிற் சுட்டிருக்கும் குறியைப் பார்க்கிறார்கள். அந்தக் குறிக்கு உடையவன் யாரென்று விசாரிக்கிறார்கள். அழிவை மதித்து, அவனிடமிருந்தே நட்டத்தை வாங்கிக் கொடுக்கிறார்கள். வேலியை அடைக்காமல் விட்டது வயற்காரனுடைய பிழையானால் அதனையும் கணக்கிற் சேர்க்கிறார்கள். ஊரில் மாடு வைத்திருப்போர் அனைவரும் ஆளுக்கு இவ்வளவு கட்டவேண்டும் என்று எந்தப் பெரியவரும் தீர்ப்புச் சொன்னதில்லை. இலங்கையில் 1876ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறற் சட்டமும் இந்த வழியிலேதான் செல்கின்றது.

குற்றம் எவனுடையதோ, தண்டமும் அவனுடையதே. இது படியாதவனும் அறிந்த நீதி. ஆயினும் 1915ஆம் ஆண்டிலே இந்நாட்டை ஆண்ட ஓர் அரசாங்கம் இந்நீதியை மறந்தது. அவ்வேளையில் எழுந்து நின்று அதனை நினைவூட்டியவர் ஒரு தமிழர், சைவர். அவர் பரிந்து பேசிய மக்களோ அவருடைய இனத்தவருமல்லர், அவருடைய சமயத்தவருமல்லர். அவரே சேர். பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய கல்லூரிகளையும் கோயிற்றிருப்பணியையும் நம்மவர் பலர் அறிவர். சட்டத்துறையில் அவர் நின்ற நிலையை அறிந்தோர் சிலரே. ஆதலின், இம்மலரில் அப்பகுதியையே சற்று விரித்துக் கூற முன்வந்தோம்.

குலமும் கல்வியும்

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். தாய்வழிப் பாட்டனாராகிய ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், சட்டநிரூபண சபையிலே தமிழருக்கென நியமிக்கப்பட்ட முதற் பிரதிநிதி. தாய்மாமனாராகிய சேர். முத்துக்குமாரசுவாமியும் அச்சபையில் அமர்ந்து புகழ் பெற்றவர். தமையனார் குமாரசுவாமி, தம்பியார் அருணாசலம் ஆகிய இருவரும் பின்னாளிலே நாடறிந்த பெரியோர்களாய் விளங்கினர். பொதுவாழ்வு அக்குடும்பத்தாருக்கு முதுசொம் போன்றது என்று கூறின் மிகையாகாது.

கொழும்பிலே கல்வி தொடங்கிய இராமநாதன் சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியிற் பயின்றார். திரும்பி வந்து, அக்காலத்திற் சட்டத்துறையிலே தலைசிறந்து விளங்கிய சேர். றிச்சர்ட் மோகனிடம் மாணவராய்ச் சேர்ந்து, 1870களின் முற்பகுதியில் அப்புக்காத்தாகப் பதிவு பெற்றார்.

தீர்ப்புகளைத் தொகுத்த இளைஞர்

அப்புக்காத்து என்றால் கோட்டிலே வாய்வல்லமை காட்டிப் பணம் சேர்ப்பவர் என்றே ஊரில் எண்ணுவர். இராமநாதனும் வாதத்தில் வல்லவர்தாம். ஆனால் இளமையிலேயே அவர் வேறொரு பணியையும் மேற்கொண்டார். உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் பல அக்காலத்தில் ஏடுகளிலே முடங்கிக் கிடந்தன. 1820ஆம் ஆண்டு முதலாக வந்த தீர்ப்புகளைத் தேடி எடுத்து, ஒழுங்குபடுத்தி, அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய பெயராலேயே வழங்கும் அத்தொகுதிகளைப் பிற்கால நீதிபதிகளும் வழக்கறிஞரும் மேற்கோளாகக் கொண்டனர். பின்னர் புதிய சட்ட அறிக்கைகள் என்ற தொடரும் அவரை முதற் பதிப்பாசிரியராகக் கொண்டே தொடங்கியது.

இது ஏதோ குமாஸ்தா வேலை என்று எண்ணிவிடலாகாது. இந்நாட்டிலே உரோம டச்சுச் சட்டம், தேசவழமை, கண்டியச் சட்டம், ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்கள் ஆகிய யாவும் கலந்து வழங்குகின்றன. நேற்று ஒருவனுக்குச் சொன்ன தீர்ப்பு இன்று மற்றொருவனுக்கு எட்டாமற் போனால் நீதி ஆளுக்கு ஆள் மாறும். முன்னைத் தீர்ப்பு அச்சேறி ஊருக்குத் தெரிந்தாலோ, ஏழையின் வழக்கறிஞரும் அதனைக் கையிலே பிடித்துக்கொண்டு நீதிபதியின் முன் நிற்கலாம்.

அத்தீர்ப்புகளிற் பெரும்பகுதி எதனைப் பற்றியது? நட்டம் வந்தால் பொறுப்பு யாருடையது, வழக்குச் செலவு யாரைச் சேர்வது என்பதைப் பற்றியதே. தோற்றவன் வென்றவனுடைய செலவையும் தாங்குவது பொதுவிதி. பொறுப்பை நிர்ணயிப்பதற்கோ நீதிமன்றங்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்தன. குளத்துநீரை நம்பி வாழும் நமக்கு எளிதில் விளங்கும் உதாரணம் ஒன்றைக் காட்டுவோம்.

இராமநாதன் இளம் அப்புக்காத்தாக இருந்த நாளில், 1874ஆம் ஆண்டிலே, இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அப்போது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த கார்வேட்டிநகரச் சமீன்தாருடைய குளங்கள் பெருமழையில் உடைத்துப் பாய்ந்து, சென்னை றெயில் கம்பனியின் பாலங்களை அழித்துவிட்டன. கம்பனியார் நட்டஈடு கோரினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலே ரைலண்ட்ஸ், பிளெச்சர் என்போருக்கிடையே நடந்த வழக்கில், தன் நிலத்திலே நீரைத் தேக்கிவைத்தவன் அது உடைத்துப் பிறனுக்கு நட்டம் செய்தால் பொறுப்பாளியே என்று 1868இல் தீர்ப்பாகியிருந்தது. அந்த விதியே இங்கும் செல்லும் என்பது கம்பனியாருடைய வாதம். பிரிவிக் கவுன்சில் அதற்கு இணங்கவில்லை. இந்தக் குளங்கள் தொன்றுதொட்டு வருவன. அவற்றின்றி அந்நாட்டில் உழவும் இல்லை, உயிரும் இல்லை. அவற்றைப் பேணுவது சமீன்தாருடைய கடமை. அக்கடமையில் அவர் கவனக்குறைவாக நடந்தார் என்று காட்டினாலன்றி அவர்மீது பொறுப்புச் சுமத்தலாகாது என்று முடிவு கூறியது.

இதிலே நாம் காண்பது யாது? நட்டம் நேர்ந்துவிட்டது என்பதனால் மட்டும் கைக்கு எட்டியவனைப் பிடித்துக் கட்டச் சொல்வது நீதியாகாது. யார் செய்தது, யாருடைய கடமை தவறியது என்று கேட்டபின்னரே நீதிமன்றம் கை நீட்டும். இத்தகைய தீர்ப்புகளிலே தோய்ந்த அறிவு இராமநாதனுடையது. அதனை மனத்திற் கொண்டாலன்றி 1915இல் அவருக்கு எழுந்த கோபம் நமக்கு விளங்காது.

சபையிலும் அரசாங்க சேவையிலும்

1879ஆம் ஆண்டு மே மாதத்திலே சேர். முத்துக்குமாரசுவாமி காலமானார். அவருடைய இடத்துக்கு வரத்தக்கவர் யார் என்ற போட்டி எழுந்தபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்திலே கூட்டங்கூட்டி இராமநாதனை ஆதரித்தார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே நாவலர் அவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அவர்கள் ஊருக்குச் செய்த கடைசி உதவிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

இருபத்தெட்டு வயதிலே சபைக்குச் சென்ற இராமநாதன் 1892 வரை அங்கே பணிபுரிந்தார். பௌத்தர்களின் புனித நாளாகிய வெசாக் பூரணையை 1885இல் அரசாங்கம் விடுமுறை நாளாக்கியது. அதற்காக முயன்றவர்களுள் அவரும் ஒருவர். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக இருந்து, முடிக்குரிய வழக்குகளை நடத்தினார். அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளும், எந்த இடத்தில் அது மடங்கவேண்டும் என்பதை உள்ளேயிருந்து கண்டவர் அவர்.

அவர் பதவியில் இருந்த காலத்திலேதான், 1905இல், கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வடபகுதி இருப்புப்பாதை நம் மாங்குளத்தின் ஊடாக முழுமை பெற்றது. காடாயிருந்த நம் ஊருக்கு அப்பாதை கொணர்ந்த உயிரைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1990இல் நின்றுபோன றெயில் 2013இல் மறுபடி நம் நிலையத்தில் நின்றபோது அவர்கள் கண் கலங்கியதையும் கண்டிருக்கிறோம்.

இராமநாதன் அமெரிக்காவில் விரிவுரைகள் நிகழ்த்தினார். கொழும்புக் கொச்சிக்கடையிலே தந்தையார் அமைத்த சிவாலயத்தைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கினார். அதுவே பொன்னம்பலவாணேசுவரம். 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கினார். இக்கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் எழுந்தது.

1911இன் இறுதியிலே, படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயோர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளர் தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. சிங்களவரும் தமிழரும் அதில் அடங்குவர். சிங்களவராகிய வைத்தியர் மார்க்கஸ் பெர்னாந்து எதிர்த்து நின்றும், இராமநாதனே வென்றார். சிங்களவர் பலரும் அவருக்கு வாக்களித்தனர். ஆகவே, 1915இல் அவர் சபையிலே எழுந்தபோது ஓர் இனத்தவரின் குரலாகமட்டும் எழவில்லை.

1915ஆம் ஆண்டு

அவ்வாண்டின் அனர்த்தத்துக்கும் ஒரு வழக்கே முன்னோடி. கம்பளையிலே வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹராவை மேளதாளத்தோடு பள்ளிவாசல் முன்பாக நடத்தலாமா என்பது தகராறு. 1815இல் கண்டி ஒப்பந்தத்திலே பௌத்த சமயத்துக்குக் கொடுத்த வாக்குறுதியைக் காட்டி, தேவாலயத்துப் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். அரசாங்கம் அப்பீல் செய்தது. 1915 பெப்ருவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீதிமன்றத்திலே முடிவாகாத மனத்தாங்கல் வீதிக்கு வந்தது.

மே மாதம் 28ஆந் திகதி இரவு, வெசாக் நாளிலே, கண்டியிற் கலகம் மூண்டது. ஒரு வாரத்துக்குள் தென்மேற்குப் பகுதியெங்கும் பரவியது. சோனகர் 25 பேர் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் பதினேழு எரிக்கப்பட்டன, எண்பத்தாறு சேதமாக்கப்பட்டன. ஒன்றும் செய்யாத வியாபாரிகள் தம் வாழ்நாள் உழைப்பை ஓரிரவிலே இழந்து நின்றார்கள். இந்தத் துயரை முதலிலே வைக்காமல் மற்றதைப் பேசுவது முறையன்று.

தேசாதிபதி சேர். றொபேட் சால்மேர்ஸ் ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலகம் சில நாட்களில் ஓய்ந்தது. இராணுவச் சட்டமோ ஓகஸ்டு இறுதிவரை ஓயவில்லை. சாதாரண நீதிமன்றங்கள் நடக்கக்கூடிய நிலையிலும் இராணுவ நீதிமன்றங்கள் குடிமக்களை விசாரித்தன. இருபத்தாறு வயதினரான ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆந் திகதி சுடப்பட்டு இறந்தார். டி. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையிலே நோயுற்று நவம்பரில் இறந்தார்.

இவற்றோடு நின்றிருந்தால் அதிகாரிகளின் அத்துமீறல் என்ற அளவில் முடிந்திருக்கும். நட்டத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அரசாங்கம் கண்ட விடைதான் சட்டத்தின் வேரையே தொட்டது. விசேட ஆணையாளர்கள் ஊர்தோறும் அனுப்பப்பட்டனர். நட்டத்தை மதிப்பதும், அதனை அவ்வவ்விடத்துச் சிங்களக் குடிகளிடமிருந்து அறவிடுவதும் அவர்களுடைய வேலை. ஆயுதம் தாங்கியோர் சூழ நிற்க, பணந் தருவதாகக் கிராமத்தார் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள் என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. பின்னர் கலக நட்டஈட்டுச் சட்டம் வந்து, குற்றஞ் செய்தார் செய்யாதார் என்ற பேதமின்றி அச்சமூகத்தவர்மீது அச்சுமையை ஏற்றியது. கல்லெறிந்தவனும் கட்டினான்; அயலிலுள்ள சோனகனைத் தன் வீட்டிலே ஒளித்துவைத்துக் காத்தவனும் கட்ட நேரும். அதுவே அச்சட்டத்தின் போக்கு.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடை எரிந்தவன் ஆண்டுக்கணக்காகக் கோட்டடியிற் காத்திருக்க முடியுமா? இருட்டிலே திரண்ட ஆயிரம் பேரில் யாரை அவன் அடையாளம் காட்டுவான்? ஊரார் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே; பணம் கட்ட நேரும் என்று தெரிந்தால் அடுத்த முறை தடுப்பார்களே. இவ்வாறு எண்ணுவது புதிதன்று. இங்கிலாந்திலே கலக நட்டத்தை அப்பகுதியின் பொலிஸ் வரியிலிருந்து கொடுக்கும் சட்டம் 1886இல் வந்தது. 1908இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சிறைப்பட்டதை ஒட்டித் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலகம் நடந்தபின், அங்கே தண்டப் பொலிஸ் நிறுத்தி அதன் செலவை ஊரார்மேற் சுமத்தினார்கள்.

ஆனால் இங்கிலாந்து முறைக்கும் இலங்கையிற் செய்ததற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அங்கே வரி அவ்விடத்தில் வாழ்ந்த எல்லோர்மேலும் விழுந்தது. காவலுக்குப் பொறுப்பானவர்களின் பணமே நட்டஈடாயிற்று. இங்கேயோ பிறப்பே குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. இன்ன இனத்திலே பிறந்தாய், ஆதலின் கட்டு என்பது தீர்ப்பாயிற்று. நிரபராதி என்று காட்டிக்கொள்ள அவனுக்கு ஒரு கோடு இல்லை; வாதாட ஓர் அப்புக்காத்து இல்லை; செலவைத் தாங்க எதிர்க்கட்சியும் இல்லை.

அதற்குமேல், 1915 ஓகஸ்டிலே இலண்டனிலிருந்து ஓர் ஆணை பிறந்தது. இராணுவச் சட்ட காலத்திலே நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அதிகாரிகளையும் படையினரையும் எவரும் வழக்கிற்கு இழுக்கலாகாது என்பது அதன் பொருள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். குற்றஞ் செய்யாத கிராமத்தான் பொறுப்பாளி. சுட்டவன் பொறுப்பாளியல்லன். தராசின் இரு தட்டும் ஒருங்கே தலைகீழாயின.

அறுபத்துநான்கு வயதினர் எழுந்த கதை

இராமநாதனுக்கு அப்போது அறுபத்துநான்கு வயது. முடியின் வழக்குகளைப் பதினான்கு ஆண்டு நடத்தியவர். வீட்டிலே சுகமாக இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ சட்டநிரூபண சபையிலே எழுந்து, நாட்கணக்காகப் பேசினார். உத்தியோக உறுப்பினர் பெரும்பான்மையாக இருந்த அச்சபையிலே வாக்கெடுப்பில் வெல்ல முடியாது என்பதை அறிந்தே பேசினார். அமைதி திரும்பியபின் இராணுவச் சட்டம் எதற்கு, சாதாரண நீதிமன்றம் இருக்கக் குடிமகனை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவது எந்தச் சட்டப்படி, தொடக்கத்திலேயே கலகத்தை அடக்கத் தவறிய பொலிசார் பதில் சொல்ல வேண்டாமா, குற்றமற்றவன் நட்டம் கொடுப்பது எந்த நியாயம் என்பனவே அவருடைய கேள்விகளின் சாரம்.

மாநாடுகளிலே வீரம் பேசுவது எளிது. இராணுவச் சட்டத்தின் நிழலிலே, அச்சட்டத்தை நடத்துபவர்களின் முகத்துக்கு நேரே, அவர்களுடைய ஒவ்வொரு செயலையும் திகதியோடும் இடத்தோடும் எடுத்துக் கேட்பது எளிதன்று. தீர்ப்புகளைத் திரட்டிய பழைய பழக்கம் அங்கே அவருக்குக் கைகொடுத்தது. அவ்வுரைகள் 1916இல் இலண்டனிலே நூலாக வெளிவந்தன. மகாயுத்தத்தினாற் கடற்பயணம் உயிருக்கே ஆபத்தாயிருந்த காலத்திலும் அவர் இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு மந்திரியின் அலுவலகத்திலே முறையிட்டார். ஈ. டபிள்யூ. பெரேரா முதலிய சிங்களத் தலைவர்களும் அங்கே உழைத்தனர்.

கேட்ட யாவும் கிடைத்துவிடவில்லை. அரச ஆணைக்குழு அமைக்க இலண்டன் மறுத்தது. சால்மேர்ஸ் 1915 டிசம்பரிலே இலங்கையை விட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு வந்த தேசாதிபதி சேர். ஜோன் அண்டர்சன் துப்பாக்கிப் பிரயோகங்கள் சிலவற்றை விசாரித்து, அவை நியாயப்படுத்த முடியாதவை என்று கண்டார். ஆனால் காப்பளித்த ஆணை இருந்தபடியால் இறந்தவர்களின் வீட்டார் வழக்காட வழியில்லை.

இராமநாதன் கொழும்பு திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாமே இழுத்துச் சென்றார்கள். இக்கதையை நம்மவர் பெருமையுடன் சொல்வதுண்டு. அந்த ஒற்றுமை பின்னாளில் என்னவாயிற்று என்று கேட்டு நகைப்பவர்களும் உண்டு. நாம் சொல்வது இதுவே: கைம்மாறு கருதி அவர் பேசியிருந்தால் அவருடைய செயல் வீண். நீதி கருதிப் பேசியமையால் அது வீணாகவில்லை.

குறைகளும் கூறவேண்டும்

பெரியார் வரலாற்றைக் குறையின்றி எழுதுவது இளைஞருக்கு உதவாது. அடக்குமுறைக்கு ஆளான சிங்களவருக்காகப் பேசியபோது, சூறையாடப்பட்ட சோனகரின் துயருக்கு இராமநாதன் உரிய இடம் அளிக்கவில்லை என்று அம்மக்கள் வருந்தினர். சோனகர் இனத்தாலே தமிழர் என்று முன்னர் 1888இல் அவர் வாசித்த கட்டுரையால் ஏற்கெனவே மனம் புண்பட்டிருந்தவர்கள் அவர்கள். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. குற்றமற்ற கிராமத்தானிடம் பணம் வாங்காதே என்று சொல்பவர், எரிந்த கடைக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே குரலிற் சொல்லவேண்டும்.

தம் இறுதிக் காலத்திலே, டொனமூர் ஆணைக்குழுவினர் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்க முன்வந்தபோது, அதனையும் அவர் எதிர்த்தார். பெண்கள் வாக்களிப்பதையும் விரும்பவில்லை. பெண்களுக்குக் கல்லூரி அமைத்தவர் பெண்களின் வாக்கை மறுத்தது நமக்கு வியப்பாகவே உள்ளது. இந்த இடத்தில் அவரைப் பின்பற்றுவதற்கில்லை.

1921இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. 1924 முதல் வடபகுதியின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் இருந்தார். 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி, எழுபத்தொன்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் அவருடைய மனைவியார் லீலாவதி இராமநாதன் கல்லூரிப் பணியைத் தொடர்ந்து நடத்தி 1953இற் காலமானார்.

நமக்கு என்ன?

வைகாசி மாதத்திலே நாம் வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போகிறோம். அங்கே வீற்றிருக்கும் அம்மன் மதுரையை எரித்தவள். அந்தப் பெருங்கோபத்திலும் அவள் தீக்கடவுளுக்கு இட்ட கட்டளையை மறக்கலாகாது. அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று வகுத்துச் சொன்னாள். தெய்வத்தின் சீற்றமே ஆளைப் பார்த்து விலக்கியது என்றால், மனிதர் இயற்றும் சட்டம் பாராமற் போகலாமா?

ஓரிருவர் செய்ததற்காக ஊர் முழுவதும் பதில் சொல்ல நேர்ந்த காலங்களை மாங்குளத்துப் பெரியோர் நன்கு அறிவர். 1983 ஜூலையில் கொழும்பிலே வீடிழந்து வந்தவர்கள் நம் அயலிற் குடியேறினார்கள். தமிழர் என்பதைத் தவிர அவர்கள்மீது வேறு குற்றச்சாட்டு இருந்ததில்லை. போர்க்காலத்திலே சோதனைச் சாவடிதோறும் நாம் பெயராலும் ஊராலும் எடைபோடப்பட்டோம். இவற்றைப் பேசும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்த உரிமைக்கும் ஒரு விலை உண்டு. 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும், குழந்தை முதல் கிழவர் வரை, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நம்மோடு வயல் செய்தவர்களும் கடை வைத்தவர்களும் அவர்களிலே இருந்தார்கள். அங்கும் பிறப்பே சாட்சியாயிற்று. அப்போது நம் பக்கத்திலிருந்து ஓர் இராமநாதன் எழவில்லை. இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. ஆயினும் எழுதாது விட்டால் மேலே எழுதிய யாவும் பொய்யாகும்.

நீதி மெல்ல நடந்தாலும் நடக்கிறது என்பதற்கு ஓர் அண்மைச் சான்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. அடுத்த மாதமே, சம்பந்தமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 1915இன் பாடத்தைத் தெருவிலே நின்றவர்கள் படித்திருக்கவில்லை. உயர்நீதிமன்றமோ 2023 ஜனவரி 12ஆந் திகதி வேறொரு வழியைக் காட்டியது. எச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறியவர்கள் யாரெனப் பெயர் பெயராக ஆராய்ந்தது. முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் தலா ஏழரைக் கோடியும், பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் 5 கோடியும், தேசிய புலனாய்வின் முன்னாள் தலைவர் ஒரு கோடியும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டோருக்குக் கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. காக்கவேண்டியவன் காக்கத் தவறினால் அவனே பதில் சொல்லட்டும் என்று 1915இலே சபையில் எழுந்த கேள்விக்கு, நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் சொன்ன விடையாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

சங்கத்து இளைஞர்களே! நாளைக்கு உங்களுள் ஒருவர் வழக்கறிஞராகலாம், கிராம சேவையாளராகலாம், கமக்காரர் அமைப்பின் தலைவராகலாம். ஒருவருடைய பிழைக்காக ஒரு குடும்பத்தை, ஒரு தெருவை, ஒரு சாதியை, ஒரு சமயத்தாரைச் சேர்த்துப் பழிக்கும் பேச்சு உங்கள் முன்னிலையில் எழும். அப்போது கூட்டத்தோடு தலையாட்டாது எழுந்து நில்லுங்கள். பழிக்கப்படுபவர் நம்மவர் அல்லாதவராயிருந்தால் இன்னும் விரைவாக எழுந்து நில்லுங்கள். வேலி பிரித்த மாட்டுக்கு ஒரு குறி உண்டு. அந்தக் குறியைத் தேடிப் பார்க்கும் பொறுமையே நீதி.